மெட்ராஸில் பிறந்த வண்டி

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்கிடுங்க. பையில இடிச்சா உங்க விரலுக்குத்தான் சேதம், உள்ள இருக்கது இரும்பு. பயப்படாதிய, குண்டு கிண்டு ஒண்ணும் இல்ல. கண்டக்டரும் இப்படித்தான் முழிச்சான். "என்னம்மா இது, லக்கேஜ் போடணும்"ன்னான். மடியில வச்சுக்கிட்டு வந்தா அது லக்கேஜா தம்பின்னு கேட்டேன். இம்புட்டுக் கனத்த மடியில எப்படிம்மா வைப்பீங்கன்னான். வச்சுக் காட்டினேன். மாட்டுத்தாவணியில இருந்து திருமங்கலம் வரைக்கும் மடியிலதான் இருந்துச்சு. அவன் அந்தப் பக்கம் திரும்புனதும் கீழ இறக்கிட்டேன். தொடை மரத்துப் போச்சு, ஆனா டிக்கெட் போடல பாத்தியளா.

நீங்க எங்க இறங்கணும்? கோவில்பட்டியா? அப்பம் நேரம் கெடக்கு. நான் திருநெல்வேலி, அங்கன இருந்து பாளையங்கோட்டை. பாக்கியசீலின்னு பேரு. பி.டி. டீச்சர் பாக்கியசீலின்னா எங்க பக்கம் தெரியாத ஆளு கிடையாது. பொம்பளப் புள்ளைய பள்ளிக்கூடத்துல த்ரோபால், கபடி, கோ-கோ எல்லாம் நாந்தான். எங்க டீம் கப்பு வாங்காத வருசம் கொறவு. இப்பம் ரிட்டயர்டு. குரல் மட்டும் ரிட்டயர்டு ஆகல, அதான் முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பாக்காரு. பாக்கட்டும், நான் என்ன ரகசியமா பேசுதேன்.

பைக்குள்ள என்னன்னு கேக்கணும்னு உங்களுக்கு இருக்கு, கேக்க மாட்டேங்கிய. நானே சொல்லிருதேன். கன்வெர்ட்டர். காருக்கு அடியில, இஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவுல மாட்டியிருக்கும் ஒரு டப்பா. இஞ்சின் விடுத கெட்ட புகைய உள்ள வாங்கி, சுத்தம் பண்ணி வெளிய விடுமாம். உள்ள தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்கும். இந்த டப்பா இல்லாம உங்க வண்டிய ரினியூவல் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுல. அதுக்காவ மெட்ராசுக்கே போயி வாங்கிட்டு வாரேன். இந்த வயசுல. தனியா. ஒரு பயலும் கூட வரல, வரவும் வேண்டாம்.

எங்க வீட்டுக்காரர் இன்சூரன்சுல இருந்தாவ. மெட்ராஸ்ல வேலை பாத்தப்பம் வாங்குன வண்டி. தொண்ணூத்தாறுல. நீலக் கலரு, சின்னக் காரு. ரெண்டு வருசத்துல மாற்றல் ஆகி ஊருக்கு வந்தோம், வண்டியும் வந்துச்சு. அப்பம் நம்ம பக்கத்து பெட்ரோல் பங்க்குல ஈயம் கலந்த பெட்ரோல்தான். ஈயம் இல்லாதது எல்லாம் மெட்ராஸ் மாதிரி பெரிய ஊருக்கு. இந்த டப்பாவுக்கு ஈயம் ஆகாதாம். கொஞ்ச நாள்லயே அடச்சுக்கிட்டு, வண்டி பாலம் ஏற மாட்டேன்னு மூச்சு வாங்கிச்சு. மெக்கானிக் ஆசீர் டப்பாவக் கழத்திப் போட்டுட்டு அந்த எடத்துல நேர் குழாய் ஒண்ண வச்சு வெல்டிங் அடிச்சுட்டான். பொறவு பாக்கணுமே, வண்டி பறந்துச்சு. டப்பா பேரீச்சம்பழத்துக்குப் போயிட்டு. மெட்ராஸ்ல இருந்து வந்த வண்டி எல்லாத்துக்கும் அப்பம் அதான் கதி. ஊரே செஞ்சது அண்ணாச்சி, நான் மட்டுமா?

அவிய இருக்க வரைக்கும் நான் ஸ்டியரிங்கத் தொட்டதில்ல. அவிய போயி, அடக்கம் முடிஞ்சு ஒரு மாசங்கூட ஆகல, டிரைவிங் ஸ்கூல்ல போயி நின்னேன். பாத்தவங்க எல்லாம் வாயப் பொத்துனாங்க. பொத்தட்டும். இப்பம் அந்த வண்டிதான் எனக்குக் காலு. ஞாயித்துக்கிழமை கோயில் பாட்டுக்குழு அம்மாமார ஏத்திக்கிட்டுப் போறது நான். ஆஸ்பத்திரின்னாலும் நான், கல்யாண வீடுன்னாலும் நான், சாவு விழுந்த துட்டி வீடுன்னாலும் நான். யாரு வருவா, யாரு கூட்டிட்டுப் போவான்னு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காண்டாம். எதுத்த வீட்டு ரோஸ்லினுக்கு அது பொறுக்காது. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாப் போதும், சன்னல டப்பு டப்புன்னு அடைப்பா. வெள்ளத் துணி காயப் போட்டிருந்தா ஓடி வந்து எடுப்பா. ஒரு பொம்பள தனியா காரு ஓட்டுதது அவளுக்குக் கண்ணுல குத்துது, வேற என்ன?

எனக்கு ஒரே மகன், ஆல்வின். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனி. மருமக ஷைனியும் வேலைக்குப் போறா. போன கிறிஸ்மஸ் சமயம் நம்ம வீட்டு கேட்டுல வண்டி லேசா ஒரு உரசு உரசிட்டு. தப்பு கேட்டு மேலதான், பாதி தொறந்து கெடந்தா நான் என்ன செய்ய? அத ரோஸ்லின் போட்டோ எடுத்து இவனுக்கு அனுப்பிட்டா. உடனே போன். "அம்மா, வண்டி பழசாயிட்டு, புகை வேற தள்ளுது. ரினியூவல் வருதுல்லா, இதோட விட்டுருங்க. நல்ல ஆட்டோக்காரரா ஒருத்தரப் பேசி விட்டுருதேன், எங்க போணும்னாலும் வருவாரு"ன்னான்.

தந்திரத்தக் கேட்டியளா? ஆட்டோவுல ஆரம்பிப்பான். பொறவு ஆட்டோ எதுக்கும்மா, தனியா எதுக்கும்மா, வீட்டப் பூட்டிட்டு எங்க கூட வந்துருங்கன்னு கொண்டு போயி முடிப்பான். எங்கூட வேலை பாத்த டீச்சர்மாரு எத்தன பேரு இப்படிப் போயி மாட்டிக்கிட்டாளுவ தெரியுமா? ஒருத்தி பெங்களூர்ல, ஒருத்தி புனாவுல. பால்கனியில உக்காந்து அடுத்த கட்டிடத்துச் செவரப் பாத்துக்கிட்டு இருக்காளுவ. போன் பண்ணுனா குசுகுசுன்னு பேசுதாளுவ. கிரவுண்டே அதிரக் கத்துனவளுவ அண்ணாச்சி! எனக்கு அந்தப் பாடு வேண்டாம். நான் வண்டி ஓட்டுத வரைக்கும் என் வீட்டுல நான் ராணி. வண்டி போச்சுன்னா என்னைய மூட்டை கட்டிருவாங்க.

அதனால அவன் அந்தப் பேச்ச எடுக்கும் முன்னயே நான் மறிச்சுட்டேன். எதிராளி கை ஓங்குததுக்கு முன்ன நாம எல்லைய மறிச்சுரணும், புள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுத்த ஆட்டமே அதான். "ஆல்வின், கேளு. நமக்குள்ள பந்தயம். வண்டி டெஸ்ட்டுல பெயிலாயிட்டுன்னா மறுபேச்சு இல்ல, வீட்டப் பூட்டிட்டு உன் கூட வந்து இருந்துருதேன், கடைசி வரைக்கும். பாஸாயிட்டுன்னா நான் இங்கனதான். நீ இனி அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது. சரியா?"ன்னேன்.

"சரிம்மா"ன்னான். குரலே இறங்கிப் போச்சு அவனுக்கு. அம்மா இப்படி ஒரு போடு போடுவான்னு எதிர்பாக்கல.

டெஸ்ட்டுக்குப் போன அன்னைக்கு நடந்ததக் கேளுங்க. இதுக்கு முன்னயும் ரினியூவல் முடிச்சிருக்கேன், ஒருத்தனும் காருக்கு அடியில குனிஞ்சு பாத்ததில்ல. லைட்டப் போடு, ஹாரன அடி, பிரேக்க மிதி, போ. இப்பம் புதுசா வந்திருக்கது ஒரு பொண்ணு. பிரேக் இன்ஸ்பெக்டர். திருச்சிப் பக்கமாம். காக்கிச் சட்டையும் கையில ஒரு கம்புமா நிக்கா. கம்பு நுனியில கண்ணாடி கட்டியிருக்கு, பெரிய ஓட்டல் வாசல்ல காருக்கு அடியில விட்டுப் பாப்பாங்கள்லா, அது.

எனக்கு முன்னால என் கொழுந்தன் தனசிங், ஒரு டிரைவர வச்சு ஓட்டிட்டு வந்திருந்தாரு. அவரும் இதே வண்டிதான் வச்சிருக்காரு. அண்ணன் வாங்கிட்டாருன்னு அதே வருசம், அதே கம்பெனி, அதே நீலம். ஒரே வித்தியாசம், இவரு திருநெல்வேலியில வாங்குனாரு. கண்ணாடிய உள்ள விட்டுப் பாத்தா. டப்பா இல்ல. "சரி சார், அடுத்து புகை டெஸ்ட்டு"ன்னுட்டா. குழாய்ல கம்பிய வச்சா, மிஷின் ஏதோ நம்பர் காட்டிச்சு, பாஸ். எனக்கு மனசு குளுந்து போச்சு. அவருக்குப் பாஸுன்னா எனக்கும் பாஸுதானே?

என் வண்டிக்கு வந்தா. முதல்ல நம்பர் பிளேட்டப் பாத்தா. பொறவு ஆர்.சி. புக்கப் பாத்தா. பொறவு கண்ணாடிய உள்ள விட்டா. "மேடம், கன்வெர்ட்டர் எங்க?"ன்னா.

"எந்தக் கன்வெர்ட்டர்? இப்பம் போன வண்டியிலயும் இல்லியே!"

"அது இங்க வாங்கின வண்டி மேடம். அந்த வருஷம் இங்க விற்ற வண்டிக்குக் கட்டாயம் இல்ல. உங்க வண்டி மெட்ராஸ்ல பதிவானது. அங்க அப்பவே சட்டம் வந்தாச்சு. கம்பெனியே மாட்டித்தான் குடுத்திருப்பாங்க. இப்பவும் இருக்கணும்."

கேட்டியளா நியாயத்த? ஒரே வண்டி. ஒரே வருசம். அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டும் பக்கத்துல நிக்கு. ஒண்ணு திருநெல்வேலியில பொறந்துச்சு, அதுக்கு டப்பா வேண்டாம். ஒண்ணு மெட்ராஸ்ல பொறந்துச்சு, அதுக்கு வேணும். மெட்ராஸ விட்டு வந்து இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆயாச்சு, தாமிரபரணி தண்ணியிலதான் தினம் கழுவுதேன், இன்னமும் அது மெட்ராஸ்காரியாம்! நான் கேட்டுட்டேன். "ஏம்மா, ஆண்டவர் மனுசரப் படைக்கும்போது பொறந்த ஊரு பாத்தா மூக்கு வச்சாரு?"ன்னு.

அவ கோவப்படல. அதான் எனக்கு இன்னும் எரிச்சல். "மேடம், பெரிய ஊர்ல அப்பவே புகை அதிகம், அதனால அங்க முதல்ல வந்துச்சு. அந்த டப்பா இருந்தா விஷப் புகை கொறையும். நாம எல்லாரும் சுவாசிக்கிற காத்துதானே?"ன்னா. யாரு கிட்ட? காலம்பூரா புள்ளையள கிரவுண்டுல நிறுத்தி, நல்லா இழுத்து மூச்ச விடுங்க, சுத்தமான காத்து, ஆரோக்கியமான நுரையீரல்னு சொல்லிக் குடுத்தவகிட்ட வந்து காத்தப் பத்திப் பேசுதா. காத்துன்னா என்னன்னு எனக்கு இவ சொல்லணுமாக்கும்.

பெயில் போடப் போனா. நான் விடல. மாச முடிவு வரைக்கும் டைம் குடுன்னு நின்னேன். பின்னால வண்டி எல்லாம் ஹாரன் அடிக்கு. அடிக்கட்டும். கடைசியில அவளே, "சரி மேடம், இன்னைக்கு டெஸ்ட் எடுக்கலைன்னு போட்டுக்கறேன், சரி பண்ணிட்டு வாங்க"ன்னா. பணிஞ்சிட்டா. நம்ம குரலுக்கு அப்படி ஒரு சக்தி.

தனசிங் கொழுந்தன் அங்கனயே நின்னுக்கிட்டு இருந்தாரு. "மதினி, எதுக்கு இந்த மல்லுக்கட்டு? நம்ம வண்டிய எடுத்துட்டுப் போயி வச்சுக்கிடுங்க. எனக்குக் கண்ணு மறைக்கு, ஓட்டுததே இல்ல. சும்மாதான் கெடக்கு"ன்னாரு. பாத்தியளா குத்தல? தன் வண்டி பாஸாயிட்டுங்கற எகத்தாளம். உங்க வண்டி உங்க செட்டுலயே கெடக்கட்டும், எனக்கு எவன் பிச்சையும் வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்.

நேரா ஆசீர் பட்டறை. "ஏல, நீதான கழத்துன, நீயே மாட்டு"ன்னேன். அவன் சிரிக்கான். "டீச்சர், கவலைய விடுங்க, நம்மகிட்ட ஒண்ணு இருக்கு"ன்னு ஒரு டப்பாவ எடுத்துட்டு வந்தான். ஓரத்துல பச்ச பெயிண்ட்டு கொட்டிக் கெடக்கு. விசயம் என்னன்னா, அந்தப் பொண்ணு வந்ததுல இருந்து ஊருல இருக்க மெட்ராஸ் நம்பர் பழைய வண்டி அத்தனைக்கும் இந்த ஒத்த டப்பாதான் ஓடுது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மாட்டுவான், டெஸ்ட்டு முடிஞ்சு வண்டி வெளிய வந்ததும் கழத்தி அடுத்த ஆளுக்கு மாட்டுவான். டாக்டரு, வக்கீலு, பாதிரியாரு எல்லாரும் வாங்கி மாட்டிட்டுப் போயிருக்காங்க. பாதிரியாரே மாட்டிருக்காருன்னா பொறவு எனக்கு என்ன?

மாட்டிக்கிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு கண்ணாடிய உள்ள விட்டா. பாத்துட்டு நிமுந்தா. ஒரு மாதிரியாச் சிரிச்சா. "மேடம், இந்தப் பச்சைப் பெயிண்ட்ட நான் திங்கக்கிழமை ஒரு சிவப்பு வண்டிக்குக் கீழ பாத்தேன். நேத்து ஒரு வெள்ளை வண்டிக்குக் கீழ பாத்தேன். இன்னைக்கு உங்ககிட்ட வந்திருக்கு"ன்னா.

வேற பொம்பளையா இருந்தா நாக்குப் பொரண்டிருக்கும். நான் விடுவேனா? "ஏம்மா, கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுட்டுப் போறதில்லியா? கழுத்துல நகை இருக்கான்னு பாப்பாங்களே ஒழிய, யாரு வீட்டு நகைன்னா கேப்பாங்க?"ன்னேன். சுத்தி நின்ன டிரைவர் பயலுவ எல்லாம் கை தட்டுதானுவ. அவளும் சிரிச்சுட்டா. "சரி மேடம், நகை இரவலாவே இருக்கட்டும். தங்கமான்னு பாப்போம்"னு சொல்லிட்டுக் கம்பிய எடுத்துக் குழாய்ல செருகுனா.

மிஷின்ல நம்பர் ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே போகுது. கருப்புப் புகை ஒண்ணு அவ மூஞ்சியிலயே போயி அடிச்சுது. இருமிட்டா பாவம். அப்பம் எனக்குச் சந்தேகம் தட்டிச்சு. டப்பாவத் திருப்பி வாங்க வாசல்லயே காத்துக்கிட்டு நின்ன ஆசீரையே கழத்தச் சொல்லி, டப்பாவ விரல மடக்கித் தட்டிப் பாத்தேன். கணீர்னு சத்தம் வருது. காலி! உள்ள தேன்கூடே இல்ல. அதுல ஏதோ விலை கூடுன உலோகம் இருக்காம், அந்தக் களவாணி என்னைக்கோ அத எடுத்து வித்துட்டு வெறும் கூட்ட ஊரு பூரா வாடகைக்கு விட்டுருக்கான். அப்பம் அந்தப் பாதிரியாரு வண்டி எப்படிப் பாஸாச்சுன்னு கேக்கியளா? ஆகல. ஒருத்தருது கூட ஆகல. ஒருத்தரும் வெளிய சொல்லல, அம்புட்டுத்தான்.

அன்னைக்கு வண்டியில உக்காந்து அழுக வந்துச்சு அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு? டப்பாவுக்காவ இல்ல. வீட்டுச் சாவிய ஒரு வளையத்துல கோத்து எதுத்த வீட்டு ரோஸ்லின் கையில குடுத்துட்டு, ஒரு பெட்டியோட மெட்ராஸ் ரயில்ல ஏறுத மாதிரியே கண்ணு முன்னால வந்துச்சு. பயந்துட்டேன். நான் பயந்தது என் ஆயுசுலயே அன்னைக்குத்தான். ஆனா அழல. அந்தப் பொண்ணு வந்து சன்னல் பக்கம் நின்னு, "பெயில்னு இன்னும் எழுதல மேடம், மாசம் முடியல, ஒரிஜினல் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, பாஸாயிடும்"ன்னா. நீ சொல்லாண்டாம், எனக்குத் தெரியும்னு கியரப் போட்டேன்.

ஆல்வினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஜெயிச்சுட்டோம்னு துள்ளுவான்னு பாத்தேன். எப்படி வளத்திருக்கேன் பாருங்க, துள்ளல. துடிச்சுப் போயிட்டான். "ஐயோ அம்மா, அப்படி எல்லாம் விட முடியாது, நான் பாக்கேன்"ன்னான். எனக்கே ஆச்சரியம். மனுசன் அன்னைக்கே லீவு போட்டுட்டு பழைய வண்டிச் சாமான் விக்கிற புதுப்பேட்டை பூரா அலைஞ்சிருக்கான். அங்கன கிடைக்கலன்னு யாரு யாரையோ பிடிச்சு, அம்பத்தூர் பக்கம் எங்கயோ சொல்லி, நம்ம வண்டிக்குன்னே புதுசா ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டான். காசு குடுத்தாலும் போன்ல பேசாத பய, மணிக்கொரு தரம் கூப்புடுதான். "அம்மா, கிடைச்சிட்டும்மா! கண்டிப்பா பாஸாயிடும்மா! வேற மெக்கானிக்கும் பேசிட்டேம்மா!" இப்படி ஒரு எதிராளிய எங்கயாவது பாத்திருக்கியளா? தான் தோக்கப் போறது தெரிஞ்சும் நமக்குப் பந்த எடுத்துக் கையில குடுக்கான். விளையாட்டு உணர்வுன்னா இதான். நான் ஊட்டுனது.

"கூரியர்ல அனுப்பிருதேம்மா"ன்னான். வேண்டாம்னேன். "நான் அலையாண்டாம்னு பாக்காத, கூரியர்ல மாத்திருவானுவ, நானே வாரேன்"னேன். "கூரியர் நல்லா வரும்மா, பத்திரமா வரும்"னு மறுபடியும் சொன்னான். மறுபடியும் வேண்டாம்னேன். ஷைனியும் போன வாங்கி, "அத்தை, இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"ன்னா. அவளுக்கு எம்மேல எப்பமும் பாசம். நான் கெளம்பிட்டேன். ஒருத்தி நெனச்சத முடிக்குததுன்னா அப்படித்தான்.

நேத்துக் காலையில எழும்பூர்ல இறங்குனேன். வீட்டுக்குப் போனா சோறு, கொழம்பு எல்லாம் தடபுடல். நல்லாக் கவனிச்சாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். முன்னால எல்லாம் நான் போனா ஒரு ரூமு உண்டு, கட்டில், மின்விசிறியோட. இப்பம் கட்டில எடுத்துட்டு அதுல ட்ரெட்மில் போட்டிருக்கா ஷைனி. நல்லதுதான், ஒடம்பப் பாத்துக்கிடுதா, நான் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அவளுக்கு ஓடத் தெரியல, தோள இறுக்கிக்கிட்டு ஓடுதா. நானே சேலைய இழுத்துச் சொருகிட்டு ஏறி ஓடிக் காட்டினேன். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பாத்தாங்க. பாத்தியளா, எம்புட்டு தெம்பு எனக்குன்னேன். ஆமா அத்தை, உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, நீங்க தனியாவே நூறு வயசு வரைக்கும் இருப்பீங்கன்னா. எவ்வளவு நல்ல வார்த்தை!

மத்தியானம் டப்பா வந்துட்டு. நான் தட்டிப் பாத்தேன், சத்தம் கெட்டியா வந்துச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், தேன்கூடு அப்படியே இருக்கு. நாளைக்கோ மறுநாளோ போலாம்னு நான் துணிய எடுத்து வச்சா, இவன் போன நோண்டிக்கிட்டே, "அம்மா, ரிசர்வேசன் போட்டுட்டேன்"ன்னான். "எப்பம்?"ன்னேன். "இன்னைக்குச் சாயங்காலம்மா. திருநெல்வேலி வரைக்கும் இடமில்ல, மதுரை வரைக்கும்தான் கிடைச்சிச்சு. அங்கன இருந்து பஸ்ஸு நெறைய இருக்கு"ன்னான். "நாளைக்குத் திருநெல்வேலிக்கே கிடைக்கும்லா"ன்னேன். "டெஸ்ட்டு தேதி இருக்கும்மா, ரிஸ்க் எடுக்கக் கூடாது"ன்னான். டெஸ்ட்டு அடுத்த வாரம். ஆனாலும் அவன் அக்கறை அப்படி. அதான் இந்தக் கனத்தத் தூக்கிக்கிட்டு மதுரையில இறங்கி, பஸ்ஸுக்கு ஓடி, உங்க காலு பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன்.

என்ன கேட்டிய? சத்தமாக் கேளுங்க, பஸ்ஸு எரைச்சல்.

ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு மகன் சொல்லலியான்னா?

இல்ல. சொல்லல.

சொல்லுவான்னுதான் இருந்தேன். பதில எல்லாம் தயாரா வச்சிருந்தேன் அண்ணாச்சி. போகும்போதே ரயில்ல யோசிச்சு வச்சேன். "முடியாது ஆல்வின், எனக்கு அங்கன ஆயிரம் சோலி கெடக்கு, பாட்டுக்குழு அம்மாமார யாரு கூட்டிட்டுப் போவா, நான் இல்லன்னா ஒண்ணும் நடக்காது, வற்புறுத்தாத"ன்னு. அவன் மனசு நோகாம எப்படிச் சொல்லணும்னுகூட வச்சிருந்தேன். சாப்புடும்போது கேப்பான்னு பாத்தேன். ஆட்டோவுல கேப்பான்னு பாத்தேன். பிளாட்பாரத்துல, சன்னலப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது, சரி இப்பம் கேப்பான், கேட்டாக்கூட பரவால்ல, ரெண்டு நாளுன்னா... "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களாம்மா?"ன்னான். ரயிலு எடுத்துட்டு. கையக் காட்டிட்டு நின்னான். அந்தப் பதிலு அப்படியே தொண்டையில கெடக்கு.

நீங்க என்ன நெனைக்கியன்னு எனக்குத் தெரியும். எம்மூஞ்சியப் பாக்காதிய, வெளிய பாருங்க. ராத்திரி பூரா நானும் அதத்தான் நெனச்சேன். கூட வந்துருங்கன்னு அவன் எப்பம் சொன்னான்? ஆட்டோன்னுதான் சொன்னான். ஆட்டோங்கதுக்கு மேல ஒரு வார்த்தை அவன் வாயில வந்ததில்ல. வீட்டப் பூட்டிட்டு வாரேன்னது நாந்தான். பந்தயம்னு சொன்னதும் நாந்தான். எதுத்தாப்புல ஆளே இல்லாத த்ரோபால் கோர்ட்டுல நான் பாட்டுக்கு இத்தன நாளா எறிஞ்சு எறிஞ்சு பாயிண்ட்டு எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நான் ஜெயிக்கணும்னு என்னையவிட அவனுக்குத்தான் அவசரம்.

சரி. இருக்கட்டும். இப்பம் என்ன ஆயிட்டு? அழுதுருவேன்னு பாக்கியளா? கோவில்பட்டி வந்துட்டு, எந்திரிங்க, பைய மறக்காதிய. இதையும் கேட்டுட்டு இறங்குங்க. அடுத்த வாரம் டெஸ்ட்டு. இந்தத் தடவ பாஸாவும், அந்தப் பொண்ணு கையாலேயே முத்திரை குத்தி வாங்குவேன். வாங்குன மறுநாள் அதே வண்டியில நான் கெளம்புதேன். நேரா மெட்ராசுக்கு. வழி பூரா நானே ஓட்டிட்டுப் போயி அவன் வாசல்ல நிறுத்தி, ஹாரன அடிப்பேன். அது பொறந்த ஊரு, அதுக்கு அங்க உரிமை உண்டு. எனக்கும் உண்டு, நான் பெத்தவ. அந்த ட்ரெட்மில்ல ஓரமாத் தள்ளிட்டு அந்த ரூம்லயே பாய விரிப்பேன். ரெண்டு நாள் இல்ல, எனக்குத் தோணுத வரைக்கும் இருப்பேன். இருங்கன்னு அவன் சொல்லாண்டாம். போங்கன்னு சொல்லட்டும், பாப்போம்.